‘தி கன்ஸ்லிங்கர்’: மூன்று முறை படித்தவர்களும் பாதியில் மூடியவர்களும்

வடவாறு:

ஸ்டீபன் கிங்கின் ‘தி டார்க் டவர்’ தொடரில் முதல் நாவலான ‘தி கன்ஸ்லிங்கர்’ஐ நேற்று இரவு ஒருவழியாக முடித்தேன். படித்து முடித்த மகிழ்ச்சி இல்லை, கடனை அடைத்த நிம்மதிதான் இருக்கிறது. இங்கே பலர் கொண்டாடும் புத்தகம் என்பதால், எனக்கு எங்கே பிசகியது என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வெஸ்டர்ன் கதைகள் எனக்குப் புதியவை அல்ல. லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் வளர்த்த பிள்ளை நான். மாயாஜாலமும் கௌபாயும் சேர்ந்த கதை என்று கேள்விப்பட்டதும் நாக்கில் எச்சில் ஊறியது. கிடைத்தது என்ன? கதாநாயகனுக்குக் குதிரை இல்லை. ஒரு கோவேறு கழுதை, அதுவும் தொடக்கத்திலேயே செத்துப்போகிறது. ரோலண்ட் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். வழியில் ஒரு குடிசைக்காரனிடம் டல் என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறான். அந்தக் கதைக்குள் ஆலி என்ற மதுக்கடைக்காரி இன்னொரு கதை சொல்கிறாள். (சலூன் என்று எழுதினால் நம் ஊரில் முடிவெட்டும் கடையாகிவிடும், அதனால் மதுக்கடை.) விக்கிரமாதித்தன் கதையில்கூட எந்தப் பதுமை பேசுகிறது என்று தெரியும். இங்கே நான் இரண்டு முறை பக்கத்தைப் பின்னால் திருப்ப வேண்டியிருந்தது.

அந்த ஊரில் 39 ஆண்கள், 14 பெண்கள், 5 குழந்தைகளைச் சுட்டுக் கொல்கிறான். கணக்கு என்னுடையது அல்ல, நாவலே சொல்வது. சுட்டுவிட்டுப் பசியாறித் தூங்குகிறான். பிறகு ஜேக் என்ற சிறுவன் வருகிறான். அவனுக்கு என்ன ஆகிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில், ரோலண்ட் துரத்திவந்த கறுப்பு உடைக்காரன் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆருடம் சொல்கிறான். 200 பக்கத்துக்கு மேல் துரத்தியவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். எந்தக் கேள்விக்கும் விடை இல்லை.

ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் முதல் வாக்கியத்துக்கு.

முயல்குட்டி:

அண்ணா, தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடாதீர்கள்! இந்தத் தொடரைப் பாதியில் விட்ட எல்லாரும் முதல் புத்தகத்தோடு விட்டவர்கள்தான். 1987இல் வந்த இரண்டாம் நாவல் கடற்கரையில் தொடங்குகிறது. முதல் சில பக்கங்களிலேயே ரோலண்டின் வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விடுகின்றன. துப்பாக்கியால் வாழ்பவனுக்குத் துப்பாக்கி விரலே இல்லை! அங்கிருந்து கதை பிடிக்கும் வேகத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் ஒரு தேர்வுக்கு முந்தைய இரவில் அதை எடுத்துத் தேர்வைக் கோட்டைவிட்டேன்.

வெஸ்டர்ன் சுவைதான் வேண்டும் என்றால் நான்காவது, ‘விசர்ட் அண்ட் கிளாஸ்’, 1997. இளம்வயது ரோலண்ட், குதிரைகள், எண்ணெய்க் கிணறுகள், ஊர்ப் பெரிய மனிதர்களின் சதி, ஒரு காதல். நீங்கள் ஏங்கிய குதிரைகள் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன.

எட்டுமணிபஸ்:

“முதல் புத்தகம் மட்டும் சகித்துக்கொள்ளுங்கள், பிறகு நன்றாக இருக்கும்” என்பது மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது.

செம்மண்:

வடவாறு, உங்கள் குறைகளில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறைகளுக்கு ஒரு பிறப்புக் கதை இருக்கிறது.

இது ஒரே மூச்சில் நாவலாக எழுதப்பட்டதே அல்ல. 1970இல், 22 வயதில், மேய்ன் பல்கலைக்கழகத்துப் படிப்பின் கடைசிக் காலத்தில், கையில் கிடைத்த பச்சை நிறத் தாள் கட்டு ஒன்றில் கிங் இதைத் தொடங்கினார். பிறகு ‘ஃபேண்டஸி அண்ட் சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழில் 1978 அக்டோபரிலிருந்து 1981 நவம்பர் வரை ஐந்து தனித்தனிக் கதைகளாக வந்தது. மூன்று ஆண்டுகளில் ஐந்து தவணை. ஒவ்வொரு தவணையும் முந்தையதை மறந்துபோன வாசகனுக்கும் புரிய வேண்டும், அதே சமயம் அடுத்ததற்கு அவனை ஏங்கவும் வைக்க வேண்டும். நீங்கள் சொல்லும் தடங்கல்கள் அந்தத் தையல்கள்தாம். 1982இல் டொனால்ட் கிராண்ட் என்ற சிறு பதிப்பாளர் மைக்கேல் வேலனின் ஓவியங்களோடு நூலாக்கினார். 10,000 படிகள்தாம். கிங்கின் பெரும்பாலான வாசகர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த ஆண்டு வேறொரு நாவலின் முன்பக்கத்தில் இருந்த நூற்பட்டியலில் இந்தத் தலைப்பைக் கண்டு, எங்கே கிடைக்கும் என்று கடிதமாக எழுதித் தள்ளினார்கள். சாதாரணக் கடைகளுக்கு வந்தது 1988இல். என்னிடம் இருப்பது அந்தப் பதிப்பு. பழைய புத்தகக் கடையில், பல்லாண்டுக்கு முன், ஒரு தேநீர் விலைக்குச் சற்று மேல்.

இப்போது நீங்கள் குறைப்பட்ட அந்த ஓயாத நடையின் வறட்சி பற்றி. கிங்குக்கு மூன்று ஊற்றுகள். டோல்கினின் நெடும்பயணம் ஒன்று. ராபர்ட் பிரௌனிங் 1855இல் வெளியிட்ட, இருண்ட கோபுரத்தைத் தேடிப் போகும் ரோலண்ட் பற்றிய கவிதை ஒன்று. மூன்றாவது, செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’. அதை பாங்கர் நகரில் கிட்டத்தட்ட ஆளே இல்லாத அரங்கில் உட்கார்ந்து பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். இடுகாட்டின் நடுவே மூன்று பேர், நிமிடக்கணக்கில், ஒரு சொல் இல்லாமல். திரையில் அதைத் தாங்க இசை இருக்கிறது, முகத்தின் வியர்வை இருக்கிறது. தாளில் என்ன இருக்கிறது? அதைத்தான் அந்த 22 வயதுப் பையன் செய்து பார்க்கிறான். மௌனத்தை வாக்கியமாக எழுத முடியுமா என்று. பாலைவனப் பகுதியில் முடிந்தது. மலையடிவாரத்தில் மந்திரப் பெண்ணாவி குறி சொல்லும் பகுதியில் முடியவில்லை, எனக்கும் அங்கே கொட்டாவிதான்.

முதல் வாக்கியத்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தீர்களே, அது நியாயம். கறுப்பு உடைக்காரன் பாலையில் ஓடுகிறான், துப்பாக்கிக்காரன் பின்தொடர்கிறான். ஆங்கிலத்தில் 12 சொற்கள். யார், ஏன், எங்கே என்று ஒன்றும் இல்லை. ஓடுவதும் துரத்துவதும் மட்டும்தான்.

நூலகப்பூனை:

செம்மண் ஐயா அழகாக எழுதிவிட்டார் என்பதற்காக நான் விடப்போவதில்லை.

இந்த நாவலில் பேசும் பெண்கள் யார் யார்? எண்ணிப் பார்த்தேன். ஆலி: முகத்தில் தழும்புள்ள மதுக்கடைக்காரி, நாயகனுக்குத் தகவல் தருகிறாள், விலையாகப் படுக்கையைக் கேட்கிறாள், பிறகு சாகிறாள். சில்வியா பிட்ஸ்டன்: ஊரையே மயக்கி வைத்திருக்கும் பிரசங்கி, அவள் உடம்பை வர்ணிக்க ஆசிரியருக்கு வரி போதவில்லை. அவளும் சாகிறாள். மூன்றாவது அந்தக் குறி சொல்லும் ஆவி, அதற்கு உடம்பே கிடையாது, ஆனாலும் அதற்கும் படுக்கைதான் விலை. நாயகனின் அம்மா வேறு ஒருவனோடு உறவு வைத்திருந்தவள். இவ்வளவுதான் பெண்ணுலகம். உலகமே நகர்ந்து தேய்ந்துபோய்விட்டது என்று வரிக்கு வரி சொல்கிறார்களே, இந்த ஒரு விஷயம் மட்டும் துளியும் தேயாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆலியின் சாவில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரே அடிக்க வரும்போது பியானோக்காரன் அவளைக் கேடயமாக முன்னே பிடிக்கிறான். அவளோ, “என்னைக் கொன்றுவிடு” என்று கெஞ்சுகிறாள். உடனே நாயகன் சுடுகிறான். எவ்வளவு வசதி! நாயகன் கொலைகாரனாகவும் ஆக வேண்டும், வாசகன் அவனை வெறுக்கவும் கூடாது. அதற்கு ஒரே வழி, சாகிறவளையே விண்ணப்பம் போடச் சொல்வது.

செம்மண்:

பூனை அக்கா, பெண் பாத்திரங்கள் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஆலி பற்றிய இடத்தைத் தவறாக நினைவு வைத்திருக்கிறீர்கள். அவள் கொல்லச் சொல்லவில்லை. சுடாதே, சுடாதே என்றுதான் கதறுகிறாள். அவன் மூளை வேண்டாம் என்று முடிவெடுப்பதற்குள் பழகிய கை சுட்டுவிடுகிறது. அந்த ஊர்க் காட்சியின் கொடுமையே அதுதானே.

நூலகப்பூனை:

தவறாக நினைவு வைக்க நான் போன மாதம்தான் படித்தேன். புத்தகம் மடியில் இருக்கிறது. கொன்றுவிடு என்றுதான் இருக்கிறது. பத்தொன்பது என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன், அவன் சொன்னதைத் தாங்க முடியவில்லை என்கிறாள்.

செம்மண்:

பத்தொன்பதா? என்ன பத்தொன்பது? என் புத்தகமும் மடியில்தான் இருக்கிறது. அப்படி ஒரு எண்ணே கிடையாது.

தச்சன்மகன்:

இரண்டு பேரும் மடியில் புத்தகத்தோடு சண்டை போடுவதைப் பார்க்கும்போது, எங்கள் தெருவில் எல்லைக் கல்லுக்கு இரண்டு பத்திரம் வைத்திருந்த இரு குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன. இரண்டு பத்திரமும் உண்மை.

எட்டுமணிபஸ்:

தச்சன்மகன் விளையாட்டாகச் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. இரண்டும் உண்மை. கிங் 2003இல் இந்த நாவலைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். கடைசி மூன்று பாகங்கள் அடுத்தடுத்து வரவிருந்தன, முதல் புத்தகம் அவற்றோடு பொருந்தவில்லை. ஏறத்தாழ 35 பக்கம் புதிதாகச் சேர்த்தார், பழைய வாக்கியங்களை இறுக்கினார். இளமையில் எழுத்துப் பயிலரங்குகளில் அதிகம் உட்கார்ந்துவிட்ட ஒருவன் எழுதியது இது என்று முன்னுரையில் தன்னையே கிண்டல் செய்கிறார்.

சேர்த்தவற்றில் முக்கியமானது பத்தொன்பது. பழைய பதிப்பில் கறுப்பு உடைக்காரன் டல் ஊரில் செத்துப்போன நார்ட் என்பவனை எழுப்பிவிட்டுப் போய்விடுகிறான். புதிய பதிப்பில் ஆலிக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்துப் போகிறான்: சாவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, நார்ட்டிடம் பத்தொன்பது என்று சொல், அவன் சொல்வான். தெரிந்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியவில்லை. கேட்டுவிட்டாள். அதன்பின் வாழ முடியவில்லை. ஆகவே கொன்றுவிடு என்கிறாள்.

செம்மண் படித்தது பழையது, நூலகப்பூனை படித்தது புதியது. இருவரும் வெவ்வேறு ரோலண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நூலகப்பூனை:

அப்படியென்றால் முதலில் அவள் உயிருக்குக் கெஞ்சினாள், இருபது ஆண்டு கழித்து ஆசிரியர் வந்து அவள் வாயில் வேறு வசனத்தை வைத்துவிட்டார்! நான் மேலே எழுதியது ஊகம்தான், இப்போது சாட்சியே கிடைத்துவிட்டது. பழையது கொடூரம், ஆனால் பொய் இல்லை.

செம்மண்:

அக்கா, நான் ஒரு நாளாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் உங்கள் பக்கம்தான் சாய்ந்தேன். என் பதிப்பு நேர்மையானது என்று மார்தட்டக்கூடத் தோன்றியது. ஆனால் அந்தக் குறிப்பு எழுதி வைக்கும் யோசனை என்னை விடமாட்டேன் என்கிறது. திறக்காதே என்று சொல்லாமல், திறந்தால் இது நடக்கும் என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போவது. அவளுக்கென்று ஒரு ஆசையும் ஒரு தோல்வியும் கிடைக்கின்றன. பழைய பதிப்பில் அவள் குண்டின் பாதையில் நின்ற உடம்பு மட்டும்தான்.

நாயகனுக்கு நஷ்டம், ஆலிக்கு லாபம் என்று சொல்லலாமா?

நூலகப்பூனை:

கால் பங்கு ஒப்புக்கொள்கிறேன். முக்கால் பங்கு கோபம் அப்படியே இருக்கிறது.

பனங்காடு:

தாமதமாக நுழைகிறேன். எல்லாரும் யாரைப் பற்றிப் பேசினீர்கள் என்று பார்த்தேன், யாரைப் பற்றிப் பேசவில்லை என்றும் பார்த்தேன். இது வெஸ்டர்ன் என்கிறோம். வெஸ்டர்ன் நடந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் எங்கே?

உண்மையான கௌபாய்க் காலம் மிகக் குறுகியது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து கணக்கிட்டால் ஒரு கால் நூற்றாண்டு. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு, குடியேறிய நிலத்துக்கும் குடியேறாத நிலத்துக்கும் நடுவே இனி எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது என அமெரிக்க அரசு சொல்லிவிட்டது. அதே 1890 டிசம்பரில்தான் தெற்கு டகோட்டாவின் ஊண்டட் நீ ஓடைக்கரையில் நூற்றுக்கணக்கான லக்கோட்டா மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, படைவீரர்களால் கொல்லப்பட்டார்கள். டெக்ஸ் வில்லராவது நவஹோக்களின் தலைவர்களில் ஒருவன், அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறான். கிங் என்ன செய்கிறார்? நிலத்தை முழுக்கத் துடைத்துவிடுகிறார். பாலைவனம் காலி. யாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது அல்ல, தானாகவே காலியானது.

ஆனால் அந்த இடம் உண்மையில் காலியாக இல்லை. மலைக்கு அடியில், இருட்டில், ‘மெதுவான பிறழ்வு மனிதர்கள்’ வருகிறார்களே. பச்சையாக ஒளிர்ந்துகொண்டு, பேச்சில்லாமல், கூட்டமாகத் தண்டவாளத்தை மறித்துக்கொண்டு. பழைய படங்களில் ரயிலையோ வண்டிகளையோ யார் மறித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆளை மாற்றிவிட்டார், நாற்காலியை மாற்றவில்லை.

தச்சன்மகன்:

பனங்காடு சொன்னது கனமான விஷயம். நான் இலேசான ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ரோலண்டின் துப்பாக்கிப் பிடி சந்தன மரம். மஞ்சள் நிறம், நெருக்கமான ரேகை என்றெல்லாம் விவரம் வருகிறது. நான் மரவேலைக் குடும்பம். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வருக்கு வழக்கமான பிடி வால்நட் மரம். நம் ஊரில் அரிவாளுக்கோ உளிக்கோ சந்தனத்தில் பிடி போடுகிறேன் என்று யாராவது சொன்னால், போய் முதலில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி என்பார்கள். ஆனால் யோசித்தால், அது ஆயுதம் மட்டும் அல்லவே. பரம்பரையாக வந்தது, செங்கோல்போல. அரசனின் வாள் என்று நினைத்துக்கொண்டால் சந்தனம் பொருந்துகிறது. அவன் கௌபாய் உடையில் இருக்கும் ஓர் அரச வம்சத்துப் படைவீரன், அந்த மரம் அதைச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. டல் ஊர்ச் சண்டையில் அவன் ஓடிக்கொண்டே குண்டு நிரப்பும்போது சூடான துளைகள் விரல் நுனியைச் சுட்டு வட்ட வட்டமாகத் தழும்பு போடுகின்றன. அத்தனை மாயாஜாலத்துக்கும் நடுவில் அந்த ஒரு தகவல்தான் என்னை நம்ப வைத்தது. வேலை செய்கிறவன் கை என்றால் காயம் இருக்கும்.

முயல்குட்டி:

பதிப்பு வேறுபாடு பற்றி ஒன்று! புதிய பதிப்பில் முதல் பக்கத்திலேயே ரோலண்டுக்கு ஒரு கணம் தலைசுற்றல் வருகிறது, பழையதில் அது கிடையாது. ஏன் தெரியுமா? ஏழாவது புத்தகத்தின் கடைசியில் [மூன்று வரிகள் நீக்கப்பட்டன]

நெறியாளர்:

முயல்குட்டியின் பதிவில் தொடரின் முடிவைச் சொன்ன மூன்று வரிகளை நீக்கியிருக்கிறேன். இழையைத் தொடங்கியவர் முதல் நூலை மட்டுமே படித்திருக்கிறார். தலைப்பும் முதல் நூலைப் பற்றியது. நன்றி.

முயல்குட்டி:

மன்னிக்கவும். ஆர்வக்கோளாறு.

வடவாறு:

நல்ல வேளை, நான் பார்ப்பதற்குள் நீக்கிவிட்டார்கள். தம்பி, உன் ஆர்வத்தைப் பார்த்துத்தான் எனக்கும் கொஞ்சம் ஆசை வருகிறது.

முதல் பதிவில் நான் மழுப்பிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழுதை, கதைக்குள் கதை, ஆருடம், எல்லாம் எனக்குச் சில்லறைக் குறைகள். நான் ஐந்துக்கு இரண்டு போட்டதற்குக் காரணம் ஜேக். என் மகனுக்கும் ஏறத்தாழ அந்த வயது. நியூயார்க்கில் காரின் முன்னே தள்ளிவிடப்பட்டுச் செத்து, காரணம் புரியாமல் ஒரு பாலைவனத்தில் கண் விழிக்கும் பிள்ளை. அப்பா அம்மாவின் முகமே மங்கிக்கொண்டு போகிறது அவனுக்கு. அவன் நம்பக் கிடைத்த ஒரே பெரியவன் இந்த ரோலண்ட். அந்தப் பெரியவன், தான் தேடிப் போகும் இருண்ட கோபுரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, பிள்ளையின் கையை விடுகிறான். நான் புத்தகத்தை மூடிவிட்டுப் போய், தூங்கிக்கொண்டிருந்தவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு வந்தேன். மறுபடி திறக்க நான்கு நாள் ஆனது.

டெக்ஸ் வில்லர் விட்டிருக்க மாட்டான். கேப்டன் டைகர் திட்டிக்கொண்டாவது தூக்கியிருப்பான்.

செம்மண்:

அதற்கு நான் என்ன சொல்ல முடியும். ஆனால் அந்த நான்கு நாள் இடைவெளியை எந்த மோசமான நாவலும் உங்களுக்குத் தந்திருக்காது.

மேலே சொல்ல விட்டுப்போனதை இங்கே சொல்கிறேன். ரோலண்ட் 14 வயதில் தன் ஆசான் கார்ட்டோடு மோதித் துப்பாக்கி வீரனாகும் சோதனை வருகிறது. தோற்றால் நாடு கடத்தல். ஆயுதத்தை அவனே தேர்ந்தெடுக்கலாம். அவன் எடுத்துவருவது தான் பழக்கிய வல்லூறு, டேவிட். கிழட்டுப் பறவை. அதை ஆசான் முகத்தின்மீது ஏவி வெல்கிறான், பறவை சாகிறது. எல்லாரும் இதை வீரக்கதையாக நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையை ரோலண்ட் யாரிடம் சொல்கிறான்? ஜேக்கிடம். மலைக்கு அடியில், கும்மிருட்டில். தன்னை நம்பிய ஓர் உயிரை ஆயுதமாக்கிச் செலவழித்தேன் என்று, அடுத்துச் செலவாகப்போகிறவனிடமே சொல்கிறான். பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. அவன் மலையடிவாரத்திலிருந்தே ஏதோ தெரிந்தவன்போலத்தான் நடக்கிறான். திரும்பி ஓடவும் இடமில்லை, உடன் வரவும் பயம். தண்டவாளத்தில் கைவண்டியை இருவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பக்கங்கள்போல ஒன்றைக் கிங் பிறகு எழுதினாரா என்பது எனக்குச் சந்தேகம். பேய் இல்லை, ரத்தம் இல்லை. தெரிந்தே போகிற ஒரு பிள்ளை, தெரிந்தே கூட்டிப்போகிற ஒரு மனிதன், நடுவில் வண்டியின் கிறீச் சத்தம்.

விழும்போது அவன் சாபமிடவில்லை. போ, வேறு உலகங்களும் இருக்கின்றன என்கிறான். சாபமிட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பனங்காடு:

இதை வெஸ்டர்ன் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்தக் கதைகளின் வழக்கம், தனியாளாக வந்தவன் ஊரைக் காப்பாற்றிவிட்டு, ஊரில் இருக்க முடியாமல் புறப்பட்டுப் போவான். அவன் தனிமை ஒரு தியாகம். கிங் அதைத் தலைகீழாக்குகிறார். இவன் வந்தால் ஊர் அழிகிறது, உடன் நடந்தவன் விழுகிறான், அதன் பிறகு இவன் தனியாகப் போகிறான். தனிமை இங்கே அவன் செய்ததன் கணக்கு. இந்த இடத்தில் நாவல் என்னை வென்றுவிட்டது, பிறழ்வு மனிதர்கள் விஷயத்தில் வெல்லவில்லை.

நூலகப்பூனை:

ஆனால் அவன் மனத்துக்குள் ஆசிரியர் போகவே மாட்டேன் என்கிறாரே? அந்நிய ஊர் விடுதி அறையில் படம் கோணலாக மாட்டியிருந்தால் எழுந்து நேராக்கும் வகை ஆள் என்று ஓரிடத்தில் சொல்கிறார். மிக நல்ல வரி. ஆளைப் பற்றி அந்த ஒரு வரியில் தெரிந்துகொண்ட அளவுக்கு மீதிப் பக்கங்களில் தெரியவில்லை.

செம்மண்:

அக்கா, அந்த வரி இரண்டு பதிப்பிலும் இருக்கிறது. இதிலாவது சண்டை வேண்டாம்.

எட்டுமணிபஸ்:

இடையில் ஒரு பரிந்துரை. ரோலண்ட் ஒத்துவரவில்லை, ஆனால் இந்தக் கலவை பிடித்திருக்கிறது என்பவர்கள் ஜோ அபெர்கிராம்பியின் ‘ரெட் கன்ட்ரி’ (2012) படிக்கலாம். கடத்தப்பட்ட தம்பி தங்கையைத் தேடி ஒரு பெண் வண்டிக் கூட்டத்தோடு எல்லை நிலத்துக்குப் போகிறாள். மனிதர்கள் பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், சிரிக்கவும் வைக்கிறார்கள். துப்பாக்கி மட்டும் கிடையாது. துப்பாக்கியும் வேண்டும், மந்திரமும் வேண்டும், மனம் மட்டும் நோகக் கூடாது என்பவர்களுக்கு பிராண்டன் சாண்டர்சனின் ‘தி அலாய் ஆஃப் லா’ (2011). வடவாறுக்கு இரண்டாவதுதான் சரி.

2017இல் வந்த திரைப்படத்தை யாரும் பார்க்க வேண்டாம். இட்ரிஸ் எல்பா பாவம்.

தச்சன்மகன்:

யாருக்கும் பிடிக்காத ஒன்று எனக்குப் பிடித்தது. டல் ஊரின் மதுக்கடைப் பியானோவில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒலிக்கிறது. வேறோரிடத்தில் பழைய பெட்ரோல் பம்பு ஒன்றைத் தெய்வமாக்கி ஆடு வெட்டி வழிபட்டவர்கள் பற்றி வருகிறது. விளக்கமே இல்லை. இது நம் உலகத்தின் நாளையா, வேறொன்றின் நேற்றா என்று ஒரு வார்த்தை கிடையாது. விளக்காமல் விட்டதற்காகவே எனக்குப் பிடித்தது. வெஸ்டர்ன் படங்களே அப்படித்தானே, இத்தாலிக்காரர் ஸ்பெயின் நாட்டுப் பாலையில் எடுத்த அமெரிக்கா. டெக்ஸும் 1948இல் இத்தாலியில் பிறந்தவன்தான். நாம் அதைச் சிவகாசி அச்சில் தமிழில் படித்துவிட்டு டெக்சாஸ் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். யாரோ கண்ட கனவின் மிச்சத்தில் இன்னொருவர் குடியிருப்பது, கிங் செய்ததும் அதுதான்.

வடவாறு:

இவ்வளவு படித்தபின் என் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். தலைசுற்றல் இருக்கிறது. ஆலி பகுதியில் பத்தொன்பதும் இருக்கிறது. அப்படியானால் என்னிடம் இருப்பது திருத்தியது. நான் கோபப்பட்ட ரோலண்ட், ஆசிரியர் ஏற்கெனவே கொஞ்சம் சலவை செய்து கொடுத்தவன்!

மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஆனால் பழையதைப் படிக்காமல் இரண்டாம் நாவலுக்குப் போக மனம் வரவில்லை. கடைகளில் கேட்டால் புதியதுதான் எடுத்து நீட்டுகிறார்கள். செம்மண் ஐயா, உங்கள் ஊர்ப் பழைய புத்தகக் கடை இன்னும் இருக்கிறதா?

செம்மண்:

கடை போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். புத்தகம் இருக்கிறது. முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன். பின் அட்டை இல்லை, 60ஆம் பக்கத்தில் என் மகள் சிறுவயதில் வரைந்த ஒரு குதிரை இருக்கும். உங்களுக்குக் குதிரை இல்லை என்ற குறையும் தீரும்.

நூலகப்பூனை:

அவர் முடித்ததும் எனக்கு. ஆலி என்ன சொல்கிறாள் என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.